விடுபட்ட வரியை யார் படிப்பது?

ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் ஒரு சடங்கு நடக்கிறது. தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று தன் அறிக்கையை வெளியிடும். வருவாய் இத்தனை விழுக்காடு உயர்ந்தது, லாபம் இத்தனை விழுக்காடு சரிந்தது என்று நாளிதழ்கள் எழுதும். ஓராண்டு கழித்து அந்தச் செய்தியை அடிக்குறிப்பாகக் கொண்டு நம்மில் ஒருவர் ஆய்வுக்கட்டுரை எழுதுவார். சமூகவியல், ஊடகவியல், சட்டம், வணிகவியல் என எந்தத் துறையும் இதற்கு விலக்கில்லை. மூல ஆவணத்தை நாம் திறப்பதில்லை. திறக்கும் சிலரும் அந்தக் காலாண்டுக்குரிய ஒன்றை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். முந்தைய காலாண்டின் ஆவணத்தை அருகில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுவோர் அரிது. இந்த அலட்சியத்தைக் கேள்வி கேட்கவே இந்த நீண்ட பதிவு.

ஒரு நிறுவனம் என்ன சொல்கிறது என்பதை ஓர் அறிக்கை காட்டும். எதைச் சொல்வதை அது நிறுத்திக்கொண்டது என்பதை இரண்டு அறிக்கைகள் சேர்ந்துதான் காட்டும். பொதுமக்களுக்கு மிகவும் தேவையான செய்தி பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில் இருக்கிறது. அதை எடுத்துக்காட்டும் கடமையிலிருந்து நிறுவனங்களும் ஒழுங்குமுறை அமைப்புகளும் விலகி நிற்கின்றன. விலகி நிற்கலாம் என்ற துணிச்சலை அவர்களுக்கு அளித்தவர்களுள் படிக்கத் தெரிந்த நாமும் அடக்கம்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்கப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட உள்நாட்டு நிறுவனம் ஆண்டுக்கு மூன்று முறை ‘10-கியூ’ என்னும் காலாண்டு அறிக்கையையும், ஒரு முறை ‘10-கே’ என்னும் ஆண்டறிக்கையையும் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்திடம் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையத்தின் ‘எட்கர்’ தளத்தில் அவற்றை உலகில் யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம். இவ்வறிக்கைகளின் பெரும்பகுதி சென்ற முறை எழுதியதன் மறுபதிப்பு. வழக்கறிஞர்கள் செதுக்கிய அதே தொடர்கள் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வரும். ‘எல்லாம் ஒரே பல்லவி’ என்று சலித்துக்கொள்வோர் உண்டு. பல்லவி மாறாமல் வருவதால்தான் ஒரு சொல் மாறினாலும் அது பொருட்படுத்தத்தக்கதாகிறது.

எடுத்துக்காட்டுக்கு மெட்டா நிறுவனத்தையே கொள்வோம். இந்தப் பதிவை நீங்கள் படிப்பதும் பெரும்பாலும் அதன் தளங்களுள் ஒன்றில்தான் இருக்கும். அதன் பயனர் எண்ணிக்கை வளர்ச்சியில் இந்தியா முன்னிற்பதை அதன் அறிக்கைகளே பல காலாண்டுகளில் பதிவுசெய்திருக்கின்றன. எனவே அந்த ஆவணங்களில் நிகழும் மாற்றம் நமக்கு அயலார் செய்தி ஆகாது.

முதலில் 2017. அவ்வாண்டின் இரண்டாம் காலாண்டில் ஃபேஸ்புக்கின் மாதாந்திரப் பயனர்கள் 201 கோடி. அவற்றுள் ஒருவரே வைத்திருக்கும் இரட்டைக் கணக்குகள் 6 விழுக்காடு, போலிக் கணக்குகள் 1 விழுக்காடு என்பது அதுவரை நிறுவனம் தந்த மதிப்பீடு. மூன்றாம் காலாண்டில் பயனர்கள் 207 கோடி. ஓராண்டில் 16 விழுக்காடு வளர்ச்சி என்பது அன்றைய தலைப்புச் செய்தி. அதே அறிக்கையின் உள்ளே இரட்டைக் கணக்குகள் 10 விழுக்காடு என்றும், போலிகள் 2 முதல் 3 விழுக்காடு வரை என்றும் மதிப்பீடு மாறியிருந்தது. பெருக்கிப் பாருங்கள். சென்ற காலாண்டில் ஏறத்தாழ 14 கோடியாக இருந்த ஐயத்திற்குரிய கணக்குகள் மூன்றே மாதத்தில் 25 முதல் 27 கோடி வரை ஆகிவிட்டன. பயனர் கூடியது 6 கோடி. ஐயத்திற்குரிய கணக்குகள் கூடியது 11 கோடிக்கும் மேல். கணிக்கும் முறையை மேம்படுத்தியதால் வந்த மாற்றம் இது என்று நிறுவனம் விளக்கியது. அவ்விளக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அளவுகோல் திருந்தியபோது, பழைய அளவுகோலைக் கொண்டு எழுதப்பட்ட எத்தனை ஆய்வுகள் திருந்தின?

இதில் இந்தியாவுக்கே உரிய ஒரு நுட்பமும் உண்டு. 2017ஆம் ஆண்டுக்கான ஆண்டறிக்கை, வளரும் சந்தைகளில் இரட்டைக் கணக்குகளின் விகிதம் குறிப்பிடத்தக்க அளவு அதிகம் என்று கூறி, இந்தியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளை எடுத்துக்காட்டாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அடுத்த ஆண்டின் அறிக்கையில் அதே வாக்கியம் இருக்கிறது; நாடுகள் மட்டும் பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று மாறிவிட்டன. இந்தியாவின் பெயர் ஏன் நீங்கியது? இங்கே இரட்டைக் கணக்குகள் குறைந்தனவா? கணிப்பு முறை மாறியதா? இந்தியாவைக் குறிப்பிடுவது வணிக அளவில் சங்கடமாயிற்றா? அந்த ஆவணத்தில் விடை இல்லை. ‘போன்ற’ என்ற சொல்லோடு வந்த எடுத்துக்காட்டுகள்தாம் அவை என்பதால், பெயர் நீங்கியதைக் கொண்டு இந்தியாவில் நிலைமை சீரானது என்றும் முடிவுகட்ட இயலாது. தேர்தலுக்குத் தேர்தல் சமூக ஊடகத்தின் போலிக் கணக்குகளைப் பற்றி இத்தனை கருத்தரங்குகள் நடத்தும் நாட்டில், இந்த ஒரு சொல்லின் நீக்கத்தைப் பற்றி ஒரு கேள்வியாவது எழுந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வகை, மாறியிருக்க வேண்டிய வரி மாறாமல் நின்றது. பயனர்களின் தரவு முறைகேடாக அணுகப்படவோ பயன்படுத்தப்படவோ ‘கூடும்’ என்று ஃபேஸ்புக் தன் அறிக்கைகளின் இடர்ப் பகுதியில் எழுதிவந்தது. கேம்பிரிட்ஜ் அனலிடிகாவுக்குத் தரவு கைமாறியதை நிறுவனம் 2015இலேயே அறிந்திருந்தது. அதன் பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ‘கூடும்’ என்பது ‘நடந்தது’ என்று மாறவில்லை. நடந்துவிட்ட ஒன்றை நடக்கக்கூடிய ஒன்றாகச் சித்திரித்தது முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தியது என்பதுதான் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2019 ஜூலையில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 10 கோடி டாலர் அபராதம் செலுத்தி அவ்வழக்கை முடித்துக்கொண்டது. அவ்வாண்டு அதன் வருவாய் ஏறத்தாழ 7,070 கோடி டாலர் என்பதால், அபராதம் ஏறக்குறைய அரை நாள் வருமானம். அந்தத் தரவுக் கசிவால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று நிறுவனமே கணக்கிட்ட 8.7 கோடிப் பேரில் 5,62,455 பேர் இந்தியாவில் இருந்தவர்கள். அவர்களின் செய்தி ஒரு வினைமுற்றின் காலத்திற்குள் மறைந்து கிடந்தது. தெரிநிலை வினையின் காலத்தையும் இடத்தையும் பிரித்துக் காட்டத் தெரிந்த மொழியியல் துறைகள் நம்மிடம் எத்தனை உள்ளன! அவற்றுள் ஒன்றுகூட இத்தகைய ஆவணத்தின் வினைமுற்றுகளை ஆண்டுக்கு ஆண்டு அடுக்கிப் பார்க்கவில்லையே என்பது என் ஆதங்கம்.

மூன்றாவது வகை, வரியே இல்லாமற் போவது. இதுவே எல்லாவற்றிலும் கடுமையானது.

2023இன் கடைசிக் காலாண்டு வரை மெட்டா ஃபேஸ்புக்கின் அன்றாடப் பயனர், மாதாந்திரப் பயனர் ஆகிய எண்ணிக்கைகளையும், ஒரு பயனரிடமிருந்து ஈட்டும் சராசரி வருவாயையும் உலகின் நான்கு பகுதிகளுக்குத் தனித்தனியே தந்துவந்தது. அந்தக் கடைசிக் காலாண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு பயனரால் கிடைத்தது 68.44 டாலர். இந்தியா உள்ளடங்கிய ஆசிய-பசிபிக் பகுதியில் 5.52 டாலர். பன்னிரண்டு மடங்குக்கும் மேலான இடைவெளி. எண்ணிக்கை நம்முடையது, வருவாய் அவர்களுடையது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் சான்று வேறில்லை. நம் மொழிகளில் வெறுப்புப் பேச்சைக் கண்காணிக்க ஏன் போதிய ஆட்களை நியமிப்பதில்லை என்று கேட்போருக்கும், தரவுக் குடியேற்றவாதம் பற்றி எழுதுவோருக்கும் இந்த இரண்டு எண்களே தளமாக இருந்தன.

2024இன் முதற்காலாண்டிலிருந்து அவை இல்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், வாட்ஸப் அனைத்தையும் ஒன்றாகக் கலந்து ‘324 கோடிப் பேர் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள்’ என்ற ஒற்றை எண்ணும், உலகம் முழுமைக்குமான ஒற்றைச் சராசரியும் அவற்றின் இடத்திற்கு வந்தன. நியாயமாகச் சொல்வதானால், பகுதிவாரி வருவாய் இன்றும் கிடைக்கிறது. விளம்பர விலையும் விளம்பர எண்ணிக்கையும் பகுதிவாரியாக எத்தனை விழுக்காடு மாறின என்ற புதிய விவரத்தையும் நிறுவனம் சேர்த்தது. ஆனால் வருவாயை எத்தனை பேருக்குப் பங்கிடுவது என்ற கீழெண் போய்விட்டது. வகுக்க வேண்டிய எண்ணை எடுத்துக்கொண்டு வகுபடும் எண்ணை மட்டும் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள் 2022 பிப்ரவரியை நினைவுகூர வேண்டும். ஃபேஸ்புக்கின் அன்றாடப் பயனர்கள் 193 கோடியிலிருந்து 192.9 கோடியாகக் குறைந்தார்கள் என்பது அப்போது வெளிவந்தது. அந்நிறுவனத்தின் வரலாற்றில் அதுவே முதற்சரிவு. ஆசிய-பசிபிக்கில் வளர்ச்சி தடைப்பட்டதற்கு இந்தியாவில் கைப்பேசித் தரவுக் கட்டணம் உயர்ந்ததும் ஒரு காரணம் என்று நிதித் தலைவர் சொன்னார். மறுநாள் ஒரே நாளில் நிறுவனத்தின் சந்தை மதிப்பில் 23,000 கோடி டாலருக்கும் மேல் கரைந்தது. நம் நாட்டில் கட்டணம் கூடினால் ஏழை முதலில் இணையத்திலிருந்து வெளியேறுகிறார் என்பதற்கு அந்தத் தசமப் புள்ளி ஒரு தடயமாக இருந்தது. இனி அத்தகைய சரிவு நிகழ்ந்தாலும் வாட்ஸப்பின் வளர்ச்சி அதை மூடிவிடும்.

இது ஒரு நிறுவனத்தின் குணம் மட்டுமன்று. டுவிட்டரின் மாதாந்திரப் பயனர்கள் 2018இன் தொடக்கத்தில் 33.6 கோடியாக இருந்து ஆண்டு முடிவில் 32.1 கோடியாகக் குறைந்தார்கள். உடனே, 2019இன் முதற்காலாண்டுக்குப் பின் அந்த எண்ணையே வெளியிடமாட்டோம் என்று அறிவிப்பு வந்தது. அதன் இடத்தில் ‘பணமாக்கத்தக்க அன்றாடப் பயனர்’ என்னும் புதிய அளவை வந்தது. அந்தப் புதிய அளவையையும் மூன்று ஆண்டுகளாகக் கூட்டிச் சொல்லிவிட்டோம் என்று 2022 ஏப்ரலில் நிறுவனமே திருத்தம் வெளியிட்டது. 2021இன் கடைசிக் காலாண்டில் மட்டும் 19 லட்சம் பேர் மிகை. ஆப்பிள் 2018 நவம்பரில் ஐபோன் விற்பனை எண்ணிக்கையை இனி சொல்வதில்லை என்றது. இரண்டு மாதம் கழித்துத் தன் வருவாய் மதிப்பீட்டைக் குறைத்து அறிவித்தது. நெட்ஃபிளிக்ஸ் 30 கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டியதும் 2025 முதல் எண்ணிக்கையை நிறுத்தியது. அதன் வருவாய் அதனால் வீழ்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எண்ணை மறைப்பவர் எல்லாம் வீழ்ச்சியை மறைக்கிறார் என்பது என் வாதமன்று. மறைப்பது எது, எப்போது, ஏன் என்று கேட்கும் உரிமையை வாசகர் இழக்கிறார் என்பதே என் வாதம்.

‘அப்படி முக்கியமானதாக இருந்தால் சந்தை கவனித்திருக்காதா?’ என்பது பொருளியல் துறை நண்பர்கள் வழக்கமாக எழுப்பும் வினா. கவனிக்கவில்லை என்பதற்குச் சான்று அவர்கள் துறையிலேயே இருக்கிறது. கோஹன், மல்லாய், நுயென் ஆகிய மூவர் 1995 முதல் 2014 வரையிலான அமெரிக்க நிறுவனங்களின் காலாண்டு, ஆண்டு அறிக்கைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதிய ஆய்வு 2020இல் ‘ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ்’ இதழில் வெளிவந்தது. அறிக்கையின் மொழியைப் பெரிதும் மாற்றிய நிறுவனங்கள் பின்னாளில் பின்தங்கின. மாற்றாதவற்றை வாங்கி மாற்றியவற்றை விற்கும் ஒருவர், இடரைக் கழித்தபின் மாதம் 1.88 விழுக்காடு வரை கூடுதல் ஆதாயம் பெற்றிருக்க முடியும் என்று அவர்கள் கண்டார்கள். அறிக்கை வெளிவந்த அன்று விலையில் அசைவில்லை. செய்தி பல மாதங்கள் கழித்தே விலையில் ஏறியது. சந்தையும் நம்மைப் போலவே சோம்பல் மிகுந்தது என்பதே இதன் பொருள்.

எதிர்வாதங்களைப் பார்ப்போம். எல்லாம் பொதுவெளியில் இருக்கிறது, ஒப்பிட வேண்டியவர் ஒப்பிட்டுக்கொள்ளட்டும் என்பது முதலாவது. நாடாளுமன்றம் ஒரு சட்டத்தைத் திருத்தினால், எந்தச் சொல்லுக்குப் பதிலாக எந்தச் சொல் எந்த நாளில் வந்தது என்பது சட்டப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அச்சாகிறது. குடிமகன் இரண்டு பதிப்புகளை வாங்கித் தானே ஒப்பிட்டுக்கொள்ளட்டும் என்று அரசுகூடச் சொல்வதில்லை. வணிகம் மாறும்போது அளவையும் மாறத்தான் வேண்டும் என்பது இரண்டாவது. முற்றிலும் சரி. ஆனால் மாற்றத்தின் காரணத்தையும் விளைவையும் சொல்லிவிட்டு மாற்றுவது முடியாத காரியமில்லை என்பதற்கு அவர்களின் கணக்கியல் பகுதியே சாட்சி. 2025 தொடக்கத்தில் மெட்டா தன் கணினி வழங்கிகளுள் பெரும்பாலானவற்றின் பயன்பாட்டுக் காலத்தை ஐந்தரை ஆண்டுகளாக நீட்டியது. அதனால் அவ்வாண்டின் தேய்மானச் செலவு ஏறத்தாழ 290 கோடி டாலர் குறையும் என்று கணக்கோடு எழுதியது. அதே வேளையில் அமேசான் தன் வழங்கிகளில் ஒரு பகுதியின் ஆயுளை ஆறிலிருந்து ஐந்து ஆண்டுகளாகக் குறைத்து, செயற்கை நுண்ணறிவுத் துறையின் வேகத்தைக் காரணமாகக் காட்டியது. ஒரே வகை இயந்திரம், எதிரெதிர் முடிவுகள். நாம் அதை அறிந்து விவாதிக்க முடிவது, மதிப்பீட்டு மாற்றத்தின் விளைவை வெளியிட வேண்டும் என்று கணக்கியல் தரநிலை கட்டாயப்படுத்துவதால்தான். பயனர் எண்ணிக்கை போன்ற அளவைகளுக்கு அத்தகைய கண்டிப்பு இல்லை. அளவையை மாற்றினால் வேறுபாட்டையும் காரணத்தையும் விளக்குவது குறித்துப் பரிசீலியுங்கள் என்று அமெரிக்க ஆணையம் 2020 ஜனவரியில் வழிகாட்டியதோடு சரி.

நம் வீட்டு நிலையோ இன்னும் மோசம். செபியின் 2015ஆம் ஆண்டுப் பட்டியலிடல் விதிகளில் 33ஆம் விதியின்படி, காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் நிதிநிலை முடிவுகளைத் தணிக்கையாளரின் வரையறுக்கப்பட்ட மீளாய்வுடனாவது தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் அப்படிவத்தில் இருப்பவை எண்களும் சில குறிப்புகளும் மட்டுமே. இடர்கள் என்ன, சென்ற காலாண்டிலிருந்து எவை மாறின என்ற உரைநடை அதில் கிடையாது. மேலாண்மையின் பகுப்பாய்வு ஆண்டறிக்கையில்தான் வரும். பயனர், பரிவர்த்தனை, ஊழியர் வெளியேற்றம் போன்ற விவரங்கள் பங்குதாரர் கடிதத்திலும் விளக்கப் படங்களிலும் நிறுவனம் விரும்பிய வடிவில் வெளிவருகின்றன. 2022 டிசம்பர் காலாண்டில் பேடிஎம் 31 கோடி ரூபாய் செயல்பாட்டு லாபம் என்று அறிவித்தது. அது ஊழியர் பங்கு ஒதுக்கீட்டுச் செலவைக் கழிக்காமல் நிறுவனமே வகுத்துக்கொண்ட அளவை. அதே காலாண்டின் நிகர நட்டம் 392 கோடி ரூபாய். இரண்டும் வெளியிடப்பட்டவையே. எது தலைப்புச் செய்தியாக வேண்டும் என்பதைத் தீர்மானித்தது யார் என்பதே வினா.

எனவே செபியிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒரு நிறுவனம் தொடர்ந்து வெளியிட்ட அளவையைக் கைவிட்டாலோ வரையறையை மாற்றினாலோ, குறைந்தது நான்கு காலாண்டுகளுக்குப் பழையதையும் புதியதையும் அருகருகே தர வேண்டும். காலாண்டுதோறும் இடர்களைப் பற்றிய சுருக்கமான உரைநடைப் பகுதி வேண்டும். அதில் முந்தையதிலிருந்து நீக்கியதும் சேர்த்ததும் அடையாளமிடப்பட வேண்டும். எல்லா ஆவணங்களும் படமாக வருடப்பட்டவையாக அல்லாமல் தேடவும் ஒப்பிடவும் இயலும் எழுத்தாக இருக்க வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, மாற்றங்களை ஏற்கெனவே தங்களுக்குள் வண்ணமிட்டுச் சுற்றுக்கு விடும் நிறுவன வழக்கறிஞர்களுக்கு ஒரு பொருட்டே அன்று.

இனி நம்மைப் பற்றி. ஒப்பிட்டுப் படிப்பது நமக்கு அந்நியமான கலையா? உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தது ஒரே ஏட்டைக் கொண்டு அன்று. ஊர் ஊராகத் திரட்டிய பிரதிகளை ஒன்றோடொன்று வைத்துப் பாடபேதம் கண்டார். ஓர் எழுத்து மாறினால் ஏன் மாறியது, ஓர் அடி விடுபட்டால் எந்தப் பிரதியில் விடுபட்டது என்று கேட்கும் ஒழுக்கத்தை அந்த மரபு நமக்குக் கொடுத்திருக்கிறது. நாட்டின் மற்ற மொழித் துறைகளுக்கும் இத்தகைய மரபு உண்டு. அந்தத் திறனை ஏட்டோடு நிறுத்திக்கொண்டோம். நம் காலத்தில் கோடிக்கணக்கானோர் வாழ்வைத் தீர்மானிக்கும் பிரதிகளைக் கணக்காளர்களிடமும் பங்குத் தரகர்களிடமும் விட்டுவிட்டோம்.

மாணவர்களுக்குச் சொல்வது இதுதான். ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் அடுத்தடுத்த இரண்டு அறிக்கைகளைப் பதிவிறக்குங்கள். வேறுபாடு காட்டும் கட்டற்ற மென்பொருள்கள் பல உள்ளன. ஐந்து நிமிடத்தில் மாற்றங்கள் வண்ணத்தில் தெரியும். நீங்கியது, சேர்ந்தது, மாறியிருக்க வேண்டியும் மாறாதது என்று மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள். மூன்றாவதற்கு மென்பொருள் உதவாது. அந்தக் காலாண்டில் உலகில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேராசிரியர்களிடம் வேண்டுவது, ஒரு பருவத்தில் ஒரு பயிற்சியையாவது இதற்கு ஒதுக்குங்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருக்கும் விளக்கப் படங்களை அன்றே சேமித்து வையுங்கள். ஒழுங்குமுறை அமைப்பிடம் தாக்கல் செய்தவை நிலைத்திருக்கும். நிறுவனத் தளத்தில் உள்ளவற்றுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

காலமும் நம் பக்கம் இல்லை. காலாண்டு அறிக்கைகளைக் கட்டாயமாக்கும் விதியைப் பிரிட்டன் 2014இலேயே கைவிட்டது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஆறு மாதத்திற்கு ஓர் அறிக்கை போதும் என்றார். ஆணையத்தின் தலைவரும் அதற்கு இசைவு தெரிவித்தார். குறுகிய காலச் சிந்தனையிலிருந்து நிறுவனங்களை விடுவிப்பதே நோக்கம் என்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் பிரதிகள் குறையக் குறைய ஒரு வரி எப்போது காணாமற் போனது என்பதைக் கண்டறியும் வாய்ப்பும் குறையும். இருக்கும் பிரதிகளையே படிக்காத ஒரு கல்விச் சமூகம், அவை நிறுத்தப்படும்போது எந்த உரிமையோடு எதிர்ப்புத் தெரிவிக்கும்?